பையில் பேர் இருக்கு, அரிசிக்குப் பேர் இல்லை



மயிலாடுதுறையில் அரிசிக்கடைக்குப் போய் ஒரு சிப்பம் கேட்டால் 26 கிலோ பையைத் தூக்கிப் போடுகிறார்கள். 25 இல்லை, 26. ஏன் இந்தக் கணக்கு என்று கேட்டால், "மில்லுலேருந்தே அப்படித்தாங்க வருது" என்பதுதான் பதில். அந்த ஒரு கிலோ எங்கிருந்து வந்தது என்று நாம் தெரிந்துகொள்வது நல்லது. கம்பெனிப் பேர் போட்ட சாமானா, பேரில்லாத உதிரிச் சாமானா என்று வீட்டுக்கு வீடு நடக்கும் பேச்சுக்கும், நம் இயற்கை அரிசிக்குப் பிராண்டு வைக்கலாமா என்று குழுக்களில் நடக்கும் பேச்சுக்கும் அதில் விஷயம் இருக்கிறது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது உதிரி அரிசிக்கு வரி இல்லை. பதிவு செய்த பிராண்டுப் பேர் போட்டுப் பையில் அடைத்து விற்றால் 5 சதவீதம். உடனே பேரே வேண்டாம் என்று பதிவை விட்டுவிடும் யோசனை வியாபாரத்தில் கிளம்பியது. அதற்கு அணை போட, 2017 மே 15 அன்று பதிவில் இருந்த பேர்களுக்கு எப்படியும் வரி உண்டு என்று அரசு விதி போட்டது. பதிவில் இல்லாத பேர் என்றால் இன்னொரு வழி வைத்தார்கள். "இந்தப் பேர்மீது உரிமை கோரமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதையே பையில் அழியாத மையில் அச்சடித்துவிட்டால் வரி கிடையாது. 2022 ஜூலை 18 முதல் இந்தப் பஞ்சாயத்து எல்லாம் போய், பேர் பெரிசோ சின்னதோ, 25 கிலோ வரைக்கும் முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் என்று ஆனது. 25-ஐத் தாண்டினால் இல்லை. பிறந்தது 26 கிலோ சிப்பம்.

மில்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அரிசி வியாபாரத்தில் 5 சதவீதம் என்பது சின்னத் தொகை இல்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். பையில் பல வண்ணத்தில் அச்சடித்து, பஸ்ஸில் எழுதி, டிவியில் காட்டி வளர்த்த பேரை, "எனக்கு அதில் உரிமை இல்லை" என்று எழுதித் தரலாமா என்று யோசிக்கிற அளவில்தான் அந்தப் பேரின் மதிப்பு இருக்கிறது. அதே பேரைத் தேடி நம் வீட்டுப் பெண்கள் இரண்டு கடை ஏறி இறங்குகிறார்கள்.

சரி, பையில் இவ்வளவு எழுதியிருக்கிறதே, உள்ளே என்ன நெல் என்று எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் "பொன்னி" என்று இருக்கும். பொன்னி என்பது நம் காவிரியின் பேர். மலேசியாவிலிருந்து வந்த மசூரி நெல் இங்கே பொன்னி ஆயிற்று. அதிலிருந்து தேர்ந்தெடுத்து 1986-இல் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. அதே 1986-இல் ஆந்திராவின் பாபட்லாவிலிருந்து மசூரி ரத்தம் கலந்த பிபிடி 5204 வந்தது. இப்போது துங்கபத்திரைப் பக்கம் விளையும் இந்த மாதிரிச் சன்ன ரகங்கள் எல்லாம் "கர்நாடகா பொன்னி" என்ற பேரில் நம் ஊர்க் கடைகளில் வந்து இறங்குகின்றன. காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு, வேறொரு ஆற்றுத் தண்ணீரில் விளைந்த அரிசியைக் காவிரியின் பேரில் வாங்கிச் சாப்பிடுகிறோம். அது கெட்ட அரிசி என்று நான் சொல்லவரவில்லை. பேர் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் சொல்கிறேன்.

நம் நெல்லுக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு இரண்டே பேர்தான், சன்ன ரகம், பொது ரகம். 2025 செப்டம்பர் 1 முதல் ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்னத்துக்குக் குவிண்டால் 2545 ரூபாய், பொது ரகத்துக்கு 2500. வித்தியாசம் 45 ரூபாய். அங்கே ஈரப்பதம் பார்ப்பார்கள், தூசி பார்ப்பார்கள். நீங்கள் ஐந்து வருடம் உப்பு உரம் போடாமல், பூச்சிமருந்து தொடாமல், அமுதக்கரைசலும் மீன் அமிலமும் ஊற்றி விளைவித்த நெல்லா என்பதைக் கேட்க அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. 40 கிலோ சாக்கில் கட்டியதும் உங்கள் நெல், பக்கத்து வயல் நெல், எதிர்க்கரை நெல் எல்லாம் ஒன்று. பக்கத்திலேயே ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. ஏடிடி என்று தொடங்கும் எத்தனை ரகத்தை நாம் நட்டிருப்போம்! ஆடுதுறை என்று பேர் போட்ட ஓர் அரிசிப் பையை நான் இதுவரை கடையில் பார்த்ததில்லை.

ஆக, பேர் போட்ட பையிலும் நெல்லின் பேர் இல்லை, பேர் போடாத சாக்கிலும் இல்லை. கம்பெனியா உதிரியா என்ற கேள்வியை நாம் கொஞ்சம் தப்பான இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுச் சாமான்களை எடுத்துக்கொள்வோம். எல்லாச் சாமானும் ஒரே மாதிரி இல்லை. சிலதில் கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வித்தியாசம் கிடையாது. உப்பு அப்படி. அயோடின் உப்பு என்றால் நம் கைக்கு வரும்போது பத்து லட்சம் பங்கில் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்கவேண்டும். ரேஷன் கடை உப்புக்கும் சட்டம் அதுதான், டிவியில் சினிமா நடிகை கையில் பிடித்துக் காட்டுகிற உப்புக்கும் அதுதான். கூடுதல் விலை கொடுத்து வாங்குவது பளபளப்பை. 1930-இல் ராஜாஜி கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு நடந்துபோய் உப்பு அள்ளிய வேதாரண்யம் நமக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. உப்புக்குக் கூட விளம்பரம் பார்த்து ஏமாறுவோம் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சோப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான், ஆனால் உறையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். டிஎஃப்எம் என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். சோப்பில் உள்ள கொழுப்புச் சத்தின் அளவு அது. டாய்லெட் சோப்பில் முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. "பாத்திங் பார்" என்று போட்டிருந்தால் அது வேறு வகை, இன்னும் குறைவாக இருக்கலாம். முன்பக்கம் இருக்கிற பேரைவிட இந்த ஒரு எண் உங்களுக்கு அதிகம் சொல்லும். பேர் தெரியாத சின்ன சோப்பில் 76 இருந்து, ஊரறிந்த சோப்பில் அது இல்லாமலும் இருக்கலாம். திருப்பிப் பார்க்காமல் தெரியாது. இப்போது பாக்கெட் சாமான்களில் ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்றும் போடவேண்டும் என்று விதி இருக்கிறது. பொடி எழுத்தில்தான் இருக்கும், ஆனாலும் இருக்கும். அதையும் பாருங்கள். தலைக்கு அரப்பும் சீயக்காயும் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது என்பது வேறு.

எண்ணெய்க்கு வந்தால் கதை மாறுகிறது. இங்கே உதிரியை நம்புவதும் ஆபத்து, பேரை நம்புவதும் ஆபத்து. ஒரு கணக்கு சொல்கிறேன். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்கச் சுமார் இரண்டரை கிலோ கடலைப்பருப்பு வேண்டும். அன்றைக்குப் பருப்பு விலையை இரண்டரையால் பெருக்குங்கள், புண்ணாக்கு விலையைக் கழியுங்கள், ஆட்டுக்கூலியைக் கூட்டுங்கள். கடையில் "செக்கு எண்ணெய்" என்று விற்பது அதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால், பாட்டிலில் யார் பேர் இருந்தாலும் கேள்வி கேட்கவேண்டும். கலப்பு எண்ணெய் என்று லேபிளில் சொல்லிவிட்டால், அதில் ஒரு எண்ணெய் 20 சதவீதம் இருந்தாலே போதும் என்று விதி அனுமதிக்கிறது. முன்பக்கம் கடலைப் படம் பெரிசாக இருக்கும், மீதி எண்பது என்ன என்பது பின்பக்கம் இருக்கும்.

"என்ன இருந்தாலும் கம்பெனிக்காரன் பரிசோதனை பண்ணித்தாங்க விடுவான்" என்று சொல்கிறவர்களுக்கு இரண்டு செய்தி. 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேன்களைப் பரிசோதித்தது. எல்லாப் பரிசோதனையிலும் தேறியவை மூன்றுதான். கம்பெனிகள் மறுத்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும், எத்திலீன் ஆக்சைடு இருக்கிறது என்று சொல்லி, இந்தியாவின் பெரிய மசாலாக் கம்பெனிகளின் சில பொடிகளை விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னன. அதற்காக உதிரி மிளகாய்த்தூளுக்கு ஓடவேண்டாம். தூள் என்று ஆகிவிட்டால் கண்ணால் பார்த்து எதுவும் தெரியாது, பாக்கெட்டோ உதிரியோ. மிளகாயை மிளகாயாக, மஞ்சளைக் கிழங்காக, மல்லியை விதையாக வாங்கிக் காயவைத்து மிஷினில் கொடுத்து அரையுங்கள். என் வீட்டில் இதற்குப் பெரிய எதிர்ப்பு இருந்தது. "வெயில்ல காயவெச்சு, காக்கா விரட்டி, மிஷின்ல போய் நிக்கிறது நீங்களா, நானா?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா. நியாயமான கேள்வி. இப்போது மிஷினில் நிற்பது நான்.

பேரை நம்பலாம் என்கிற இடமும் உண்டு. ஆவின் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் போய் யாராவது "நல்ல பால் குடுங்க" என்று கேட்கிறார்களா? "நீலம் ஒண்ணு, பச்சை ஒண்ணு" என்கிறார்கள். நீலம் என்றால் கொழுப்பு 3 சதவீதம், பச்சை 4.5, ஆரஞ்சு 6. பேர் கூட்டுறவுக்குச் சொந்தம், நிறம் உள்ளே இருப்பதைச் சொல்கிறது. மருந்திலும் அப்படி. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்களே, அங்கே எப்படிக் குறைந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது? எந்தக் கம்பெனி மாத்திரையாக இருந்தாலும் அட்டையில் பாராசிட்டமால் இத்தனை மில்லிகிராம் என்று மருந்தின் பேர் இருந்தாகவேண்டும். அந்தப் பேர் இருப்பதால்தான் விலை குறைந்ததை வாங்கத் துணிச்சல் வருகிறது. அரிசிப் பையில் இல்லாதது இந்த மாதிரிப் பேர்தான்.

இப்போது நம் விஷயம். எங்கள் குழுவில் பதினொரு பேர் இருக்கிறோம். சில மாதமாக ஒரே பேச்சு, நம்ம அரிசிக்கு ஒரு பிராண்டு வைக்கணும் என்று. இளவட்டம் ஒருவர் லோகோவே வரைந்துகொண்டு வந்துவிட்டார். ஏர் ஓட்டுகிற மாடு, பின்னால் சூரியன், கீழே இங்கிலீஷில் பேர். "அண்ணே, நம்ம சரக்கு நல்ல சரக்கு. பேர் இல்லாததாலதான் கொள்முதல்ல கொண்டுபோய்க் கொட்டுறோம். சென்னைக்காரன் பாக்கெட்டப் பாத்துதாண்ணே வாங்குவான்" என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. இயற்கையாக விளைவித்ததற்கு ஒரு ரூபாய் கூடக் கிடைக்காத இடத்தில் நம் நெல்லைப் போடுவதில் எனக்கும் சந்தோஷம் இல்லை. ஆனாலும் நான் பிராண்டு வேண்டாம் என்றுதான் பேசுகிறேன். காரணம் தத்துவம் இல்லை, கணக்கு.

வண்ண அச்சில் ஒரு கிலோ பை அடிக்கக் கேட்டோம். குறைந்தது ஐயாயிரம் பை எடுக்கணும் என்றார் அச்சகத்தில். என் ஒன்பது மாவில் மூன்று மா மாப்பிள்ளைச் சம்பா. அதாவது ஒரு ஏக்கர். ஆளுயரத்துக்கு வளர்ந்து, காற்றடித்தால் சாய்ந்து, எல்லாம் போக 60 கிலோ மூட்டையில் பதினைந்து மூட்டை வந்தால் நல்ல வெள்ளாமை. 900 கிலோ நெல். தவிடு அதிகம் தீட்டாமல் அரைத்தால் 580 கிலோ அரிசி தேறும். ஐயாயிரம் பையை நிரப்ப எட்டரை ஏக்கருக்கு மேல் மாப்பிள்ளைச் சம்பா வேண்டும். பதினொரு பேரும் சேர்ந்து போட்டால் ஆகாதா என்பீர்கள். பதினொரு பேரும் ஒரே நெல்லா போடுகிறோம்? ஒருவர் தூயமல்லி, ஒருவர் கிச்சிலிச் சம்பா, குறுவையில் இரண்டு பேர் பூங்கார். தண்ணீர் நிற்கிற மடையடி வயல்காரருக்கு அவர் நிலத்துக்கு ஏற்ற நெல். மரபு நெல்லின் சிறப்பே அதுதானே.

பை அடித்துவிட்டால் பை சும்மா இருக்காது, அரிசி கேட்கும். வைகாசியில் நம் சரக்கு தீர்ந்துவிடும், சென்னைக் கடைக்காரர் ஆடியில் போன் செய்வார். "இருக்கா, இல்லையா? இல்லேன்னா வேற ஆள்கிட்ட வாங்கிக்கிறேன்." அந்த நேரத்தில் வெளியில் யாரிடமாவது நாலு மூட்டை சிவப்பரிசி வாங்கி அதே பையில் போட்டால் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது, அதுதான் பயம். பேர் வைத்த பிறகு பேரைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும், வயலைக் காப்பாற்றுவது இரண்டாம் வேலை. நம்மில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். ஆனால் நல்லவர்களைக்கூட அந்த இடத்துக்குத் தள்ளுகிற ஏற்பாடு எதற்கு?

இன்னொன்றும் உண்டு. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவை என்பதெல்லாம் யாரும் பதிவு செய்த பேர் இல்லை. திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். விதையோடு பேரும் கை மாறியது, அதற்கு யாரும் காசு கேட்கவில்லை. 2018 டிசம்பரில் அவர் போய்விட்டார், அந்தப் பேர்கள் நம்மிடம் இருக்கின்றன. பேரைக் காசாக்க நினைப்பவர்கள் உலகத்தில் உண்டு. 1997-இல் அமெரிக்காவில் டெக்சாஸ் கம்பெனி ஒன்று பாசுமதி வகை நெல்லுக்கே காப்புரிமை வாங்கிவிட்டது. இந்திய அரசு எதிர்த்துப் போராடி, 2001-க்குள் அதில் பெரும்பகுதியை விடவைத்தது. அப்புறம் 2016-இல் பாசுமதிக்குப் புவிசார் குறியீடு வந்தது. அந்தக் குறியீடு ஒரு கம்பெனிக்குச் சொந்தமான பேர் இல்லை, மண்ணுக்குச் சொந்தமான பேர். நாம் லோகோவைப் பெரிசாகவும் "தூயமல்லி"யைச் சின்னதாகவும் போட ஆரம்பித்தால், பத்து வருடத்தில் வாங்குகிறவருக்கு லோகோ ஞாபகம் இருக்கும், தூயமல்லி மறந்துபோகும். பொன்னிக்கு நடந்தது அதுதான்.

நான் குழுவில் வைத்த யோசனை இது. வெறும் துணிப்பை அல்லது காகிதப்பை. ஆறு வரி உள்ள ஒரு ரப்பர் ஸ்டாம்பு. நெல்லின் பேர், ஊர், பட்டம் (குறுவையா, சம்பாவா, தாளடியா), அறுத்த மாதம், அரைத்த தேதி, பச்சையா புழுங்கலா எவ்வளவு தீட்டியது என்பது. கீழே விளைவித்தவர் பேரும் போன் நம்பரும் கையால் எழுதுவது. எடையும் விலையும் சட்டப்படி போடவேண்டியதும் தனி லேபிளில் வரட்டும். தீர்ந்துபோனால் தீர்ந்துபோச்சு என்று சொல்வது. அந்தச் சென்னைக் கடைக்காரருக்கு "ஆடியில் மாப்பிள்ளைச் சம்பா இல்லை, புரட்டாசியில் பூங்கார் வரும்" என்று சொன்னால் போய்விடுவாரா? ஒரு சிலர் போவார்கள். போகட்டும்.

சான்றிதழ் இல்லாமல் இயற்கை என்று விற்கலாமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். 2017-இல் வந்த இயற்கை உணவு விதிமுறையில், விளைவித்தவரே சாப்பிடுகிறவருக்கு நேரடியாக விற்றால் விலக்கு உண்டு. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கவேண்டும், "ஜைவிக் பாரத்" சின்னத்தைப் போடக்கூடாது. கடைக்குக் கொடுத்து விற்கவேண்டும் என்றால் சான்று வேண்டும். அதற்குப் பிஜிஎஸ் முறை நமக்குத் தோதானது. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. வெளியாள் வந்து பார்த்துத் தரும் சான்று வேண்டும் என்றால் 2007-லிருந்து நம் மாநிலத்தில் அங்ககச் சான்றுத் துறை இருக்கிறது. எதுவானாலும் சான்று எண்ணை அந்த ஸ்டாம்பில் ஏழாவது வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இளவட்டம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஸ்டாம்பு அடிச்ச பையப் பாத்தா, வீட்ல மாவு அரைச்சுக் குடுத்த மாதிரி இருக்குண்ணே" என்கிறார். அப்படித்தானப்பா இருக்கணும் என்றேன். லோகோவை ஒரு ஓரத்தில் போட்டுக்கொள்ளலாம், நெல்லின் பேரைவிடச் சின்னதாக, வெளிச் சரக்கு ஒரு மணி கூட உள்ளே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு என்று ஒருவர் நடுவில் புகுந்து சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை. ஐயாயிரம் பை மட்டும் வேண்டாம். தையில் அறுவடை. அதற்குள் முடிவு செய்யவேண்டும். ஸ்டாம்பு செய்ய மயிலாடுதுறையில் விசாரித்துவிட்டேன், இரண்டு நாளில் தருகிறார்கள். இதே யோசனையில் இருக்கும் வேறு ஊர்க் குழுக்கள், பையில் என்ன போடுகிறீர்கள், ஆடியில் போன் வந்தால் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று இதழுக்கு எழுதுங்கள்.